பரணிலிருந்து இறங்கிய ரயில்

2023 அக்டோபரில் ஒரு மாலைப்பொழுது. பக்கத்து வீட்டு அம்மையார் எங்கள் கதவைத் தட்டினார். "உங்கள் தந்தையார் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று உங்கள் மகள் சொன்னாள். ரயில்களுக்கு விலை மதிப்பிட உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு அந்தச் சொல் எளிதில் வாயில் வருவதில்லை. "வந்து பார்க்கிறேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியம் என் ஒன்பது மாதங்களை எடுத்துக்கொண்டது.

நான் பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பெயர்ந்து வந்தபின், அதைச் சுற்றி எழுந்த ரயில்வே குடியிருப்பே எனக்கு உலகம். என் தந்தையார் அந்தப் பட்டறையில் ஃபிட்டர். மனைவி மறைந்தபின், செவிலியாகப் பணிபுரியும் என் மகளோடு இருக்க இங்கிலாந்தின் டார்பி நகருக்கு வந்து சேர்ந்தேன். டார்பியும் ஒருவகையில் பொன்மலையே. மிட்லண்டு ரயில்வே நிறுவனம் 1844-இல் தன் தலைமையிடத்தை இங்கேதான் அமைத்தது. ஊரும் பட்டறையும் ஒன்றாக வளர்ந்தன. அம்மையாரின் கணவரும் இங்கே ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவ்வாண்டு ஆகஸ்டில் தம் 81-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய வீட்டுப் பரணுக்கு ஏணி வழியாக ஏறியபோது ஒருகணம் மலைத்துப் போனேன். கூரையின் நீளம் முழுவதும் பலகை அடித்து, அதன்மேல் ஒரு சிற்றூரையே அமைத்திருந்தார். நிலையம், பாலம், சுரங்கவழி, மேய்ச்சல் நிலத்தில் விரல் நக அளவு ஆடுகள். சுவரோரத் தட்டுகளில் எஞ்சின்கள். நான் எண்ணியவரை எஞ்சின்கள் 64. பயணிகள் பெட்டிகளும் சரக்கு வேகன்களும் 230-க்கு மேல்.

எனக்கு முன்பே ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இருபது நிமிடம் பரணில் இருந்தாராம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,800 பவுண்டு தருவதாகவும், அந்த வாரத்திற்குள் சொன்னால் மறுநாளே வேனில் ஏற்றிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அம்மையாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடிப்படியில் ஏற்றி இறக்கும் மின்நாற்காலி பொருத்த 3,000 பவுண்டுக்கு மேல் கேட்டிருந்தார்கள். மாடியிலுள்ள படுக்கையறையை விட்டுவிட்டு அவர் கீழே முன்னறைச் சோபாவில் உறங்கத் தொடங்கி இரண்டு மாதமாகியிருந்தது. 1,800 பவுண்டை வாங்கிக்கொண்டு மீதிக்குக் கடன் வாங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

"பொறுங்கள்" என்று சொன்னவன் நான். பொறுக்கச் சொல்வது எளிது. பொறுத்தபின் 1,500 தான் கிடைக்கும் என்றால் அந்த 300 பவுண்டுக்கு யார் பொறுப்பு? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நிற்க. இந்தப் பொம்மை ரயில்களின் வரலாற்றைச் சிறிது சொல்லாமல் அவற்றின் விலையைப் புரியவைக்க இயலாது. லிவர்பூலில் 1863-இல் பிறந்த ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்து விளையாடும் ஒரு பொருளுக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் மெக்கானோ என்று பெயர் பெற்றது அதுதான். 1920 முதல் அவருடைய நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்களைச் செய்தது. அவற்றின் தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். 1938-இல் அதே நிறுவனம் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் அதில் ஏறத்தாழப் பாதியளவுள்ள மின்ரயிலை வெளியிட்டது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். தொடக்கத்தில் அதற்கு மூன்று தண்டவாளம், நடுவில் இருப்பதன் வழியே மின்சாரம். 1959-இல்தான் இரட்டைத் தண்டவாளத்துக்கு மாறினார்கள். அதற்குள் போட்டியாளர்கள் முந்திவிட்டார்கள். 1964-இல் நிறுவனம் போட்டியாளரின் கைக்கே போயிற்று. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் வேறு வேறு உரிமையாளர்களிடம் தொடர்ந்து வாழ்ந்து, 1990-களின் இறுதிக்குள் உற்பத்தி சீனாவுக்குச் சென்றுவிட்டது.

இந்த வரலாறு முழுவதும் அந்தப் பரணில் மூன்று அடுக்காக இருந்தது. அம்மையாரின் கணவருக்கு அவருடைய தந்தை கொடுத்த பழைய தகர ரயில்கள் ஓர் அடுக்கு. அவரே சிறுவனாக 1950-களில் பெற்ற மூன்று தண்டவாள டப்ளோ ஓர் அடுக்கு. வேலையில் சேர்ந்து, பிள்ளைகளை வளர்த்து, கையில் கொஞ்சம் பணம் புரண்டபின் 1980-கள் தொடங்கித் தாமே வாங்கியவை மூன்றாவது அடுக்கு. எண்ணிக்கையில் பெரும்பகுதி இதுதான்.

பழையதெல்லாம் விலையுயர்ந்தது, புதியதெல்லாம் மலிவு என்று நினைத்துத் தொடங்கினேன். அந்த எண்ணம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மூன்று தண்டவாள டப்ளோவை இன்றைய தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. அதை வாங்குகிறவர் சிறுவயதில் அதை வைத்திருந்தவர், அல்லது வைத்திருக்க ஏங்கியவர். 1950-களில் சிறுவனாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. ஆண்டுதோறும் வாங்குகிறவர்கள் குறைகிறார்கள். அவர்கள் மறைய மறைய அவர்கள் வீட்டுப் பரண்களிலிருந்து சரக்கு சந்தைக்கு இறங்குகிறது. ஆகவே பத்து ஆண்டு வைத்திருந்தால் விலை ஏறும் என்ற கணக்கு, ஊருக்கு ஊர் கிடைக்கும் சாதாரண வகைகளுக்குப் பொருந்தாது.

மூன்றாம் அடுக்கில் இன்னொரு வேடிக்கை. 'குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டுமே செய்யப்பட்டது' என்று சான்றிதழோடு வந்த எஞ்சின்கள் பதினான்கு இருந்தன. இவைதாம் பெருந்தொகை தரும் என்று அம்மையாரும் நம்பினார், நானும் நம்பினேன். ஆனால் ஒரு பொருள் அரிதாவது குறைவாகச் செய்யப்படுவதனால் மட்டும் அன்று, பெரும்பகுதி அழிந்துபோவதனாலும்தான். 1930-களின் பொம்மையைச் சிறுவர்கள் உடைத்தார்கள், மழையில் விட்டார்கள், தம்பிக்குக் கொடுத்தார்கள். தப்பியது சில. சான்றிதழோடு வந்ததையோ வாங்கிய ஒவ்வொருவரும் பிரிக்காமல் அலமாரியில் பூட்டிவைத்தார்கள். ஆயிரம் செய்தால் ஆயிரமும் இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன. பிறகு விலை எப்படி ஏறும்? அந்தப் பதினான்கில் வாங்கிய விலைக்கு மேல் போனவை இரண்டே.

விலையை எப்படி அறிவது? இணையத்தில் ஈபே என்னும் விற்பனைத் தளத்தைத் திறந்தால், ஒரே எஞ்சினுக்கு ஒருவர் 300 பவுண்டு கேட்பார், இன்னொருவர் 60 கேட்பார். முதலில் 300-ஐ எழுதிக்கொண்டு மகிழ்ந்தேன். என் மகள்தான் திருத்தினாள். "அப்பா, அது அவர் கேட்கிற விலை. யாராவது கொடுத்தார்களா என்று பாருங்கள்" என்று, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். 300 கேட்டவருடையது விற்காமலே கிடந்தது. 72-க்கும் 65-க்கும் விற்றவை வரிசையாக இருந்தன. பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய்க்காரி சொல்லும் முதல் விலையை என் தாயார் ஒருநாளும் நம்பியதில்லை. எழுத்தில் கண்டவுடன் நான் நம்பிவிட்டேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்று குறிப்பேடு போட்டேன். செய்தவர் பெயர், அடிப்பகுதியில் அல்லது அட்டைப்பெட்டியில் உள்ள எண், ஓடுகிறதா, ஏதேனும் உறுப்பு உடைந்திருக்கிறதா, மறுவண்ணம் பூசப்பட்டதா, பெட்டி உண்டா. வண்ணம் உரிந்திருந்தாலும் பழைய வண்ணமே மேல். அழகாகப் புதுவண்ணம் பூசியது பாதி விலைக்கும் போகாது. துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஒரு நோய் உண்டு. வார்க்கும்போது ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் உலோகம் உப்பி, வெடித்து, பொடிந்துபோகும். போருக்கு முந்தைய எஞ்சின்களின் சக்கரங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றில் அந்த வெடிப்பைக் கண்டேன். அவற்றை மறைக்காமல் படமெடுத்தே விற்றோம்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். பழைய தகர வேகன் ஒன்று எண்பது ஆண்டுத் தூசியோடு இருந்தது. துலக்கி வைத்தால் பார்வையாக இருக்கும் என்று வெதுவெதுப்பான சோப்புநீரில் கழுவினேன். துணியால் துடைத்தபோது பக்கவாட்டில் இருந்த எழுத்துகள் துணியோடு வந்துவிட்டன. அவை ஒட்டுப்படமாக ஒட்டப்பட்டவை என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் ஏல நிறுவனத்தின் நிபுணர் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "யாரோ இதைக் கழுவியிருக்கிறார்கள்" என்றார். "நான்தான்" என்றேன். அதன்பின் மென்மையான வண்ணத்தூரிகையால் தூசி தட்டுவதற்கு மேல் எதையும் செய்யவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. டப்ளோ எஞ்சின்களுக்கு அட்டைப்பெட்டிகளே இல்லை. பெட்டியோடு கூடியது பெட்டியில்லாததைப்போல் இரு மடங்கு விலை போகும். சில வகைகளுக்கு வெறும் பெட்டியே தனியாக விலை போகும். இவ்வளவு ஒழுங்கான மனிதர் பெட்டிகளை எறிந்திருப்பாரா? அம்மையாரிடம் பொதுவாக விசாரித்தேன். "பெட்டிகளா? கட்டிலுக்கடியில் இரண்டு பெரிய பைகள் நிறைய வெற்று அட்டைகள் வைத்திருந்தார். அடக்கம் முடிந்த வாரம் நகராட்சியின் காகிதத் தொட்டியில் போட்டேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன், அவை வேண்டுமா?" என்று கேட்டார்.

"இல்லை, அஞ்சலில் அனுப்ப வசதியாக இருக்குமே என்று பார்த்தேன்" என்று சொன்னேன். என் கணக்கில் அந்த இரு பைகள் 500 பவுண்டுக்குக் குறையாது. கணவரை இழந்து பத்து வாரமே ஆன ஒருவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றியது. சொல்லாமல் விட்டது சரிதானா என்ற கேள்வி மட்டும் உடன் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் மாதத்தில் தட்டுகளுக்குப் பின்னாலிருந்து கணவருடைய குறிப்பேடே கிடைத்தது. எதை, எந்த நாளில், எங்கே, என்ன விலைக்கு வாங்கினார் என்று முப்பது ஆண்டுக் கணக்கு. எனக்கு அது புதையல். ஏனெனில் எந்த எஞ்சினின் மோட்டாரை மாற்றினார், எதற்கு வேறு சக்கரம் போட்டார் என்பதெல்லாம் அவருக்கன்றி யாருக்கும் தெரியாத செய்தி. ஆனால் ஒவ்வொரு வரியிலும் இரண்டு விலைகள் இருந்தன. ஒன்று மையால் எழுதியது, மற்றொன்று பென்சிலில் அதில் மூன்றிலொரு பங்கு. எனக்குப் புரியவில்லை. அம்மையாருக்கு உடனே புரிந்தது. "பென்சிலில் இருப்பது என்னிடம் சொன்ன விலை" என்றார்.

மையால் எழுதியதைக் கூட்டச் சொன்னார். 9,300 பவுண்டு வந்தது. "முதலீடு என்று சொல்லுவார்" என்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்த வேளையில் மெல்லச் சிரித்தார். "என் உடைகளின் விலையை நானும் பாதிதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எழுதி வைக்கவில்லை" என்றார்.

அதே மாத இறுதியில் என் மகள் எங்கள் இருவரையும் பர்மிங்காமில் வார்லி சங்கத்தார் நடத்திவந்த பெரிய மாதிரி ரயில் கண்காட்சிக்குக் காரில் அழைத்துச் சென்றாள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் எங்களுக்குத் தெம்பு பிறந்தது. அந்தத் தெம்பு ஜனவரி வரைதான். 2024 ஜனவரியில், இனி அக்கண்காட்சி நடைபெறாது என்று சங்கத்தார் அறிவித்தார்கள். அதே மாதத்தில், 1946 முதல் நடந்துவந்த ஹாட்டன்ஸ் என்னும் புகழ்பெற்ற மாதிரி ரயில் அங்காடியும் மூடப்படுவதாகச் செய்தி வந்தது. அம்மையார் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து என் முன் வைத்தார். "அந்த 1,800-ஐ வாங்கியிருக்க வேண்டுமோ?" என்றார். அவர் அதுவரை என்மீது குறை சொன்னதில்லை; அன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் அவர் இன்னும் அந்தச் சோபாவில்தான் உறங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அதுவரை எல்லாவற்றையும் பட்டியலிட்டு முடித்தபிறகே விற்பது என்றிருந்தேன். மறுநாளே மாற்றிக்கொண்டேன். குவியலை மூன்றாகப் பிரித்தேன்.

நிபுணர் கண்ணுக்கு மட்டுமே மதிப்புத் தெரியும் பதினொரு பொருள்களைப் பழம்பொம்மைகளுக்கென்றே தனி ஏலம் நடத்தும் நிறுவனத்திற்கு அனுப்பினோம். எந்த ஏலக்காரரிடம் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று எண்ணக்கூடாது. மேசை நாற்காலியோடு சேர்த்து ரயிலையும் விற்கும் உள்ளூர் ஏலத்தில், அதைத் தேடுகிறவர் அறைக்குள் இருக்கமாட்டார். இருவர் விரும்பினால்தான் விலை ஏறும். ஒருவர் மட்டும் விரும்பினால் அவர் விரும்பிய விலைக்கே போகும். உரிமையாளர் பெயருக்கும் விலை உண்டு. கனடா நாட்டுப் பாடகர் நீல் யங் 2017-இல் தம் லயனல் ரயில்களை ஏலத்தில் விட்டபோது, அவர் கைபட்டவை என்பதற்காகவே வாங்கியவர்கள் உண்டு. டார்பியின் ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. சுத்தியல் விழுந்த விலைகளின் கூட்டுத்தொகை 1,500 பவுண்டு. தரகு நூற்றுக்கு 15. அந்தத் தரகின்மேல் வரி 20 விழுக்காடு. ஆக 270 போய், 1,230 கைக்கு வந்தது. ஒரே வகை எஞ்சின்கள் இரண்டில், எப்படியோ பெட்டியோடு தப்பியிருந்த ஒன்று 130-க்கும், பெட்டியில்லாதது 55-க்கும் போயின. இதற்கு இடையில், ஒரு பொருளுக்கு இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக ஒரு விலை வைத்தேன். அது விற்காமல் திரும்பி, அடுத்த ஏலத்தில் முன்பு கேட்டதைவிடக் குறைவாகப் போயிற்று. ஒருமுறை விற்காமல் நின்ற பொருளைக் கண்டால் வாங்குகிறவர்கள் சந்தேகிக்கிறார்கள்.

இடைத்தரமானவை 52. பெரும்பாலும் சீனாவில் செய்யப்பட்ட நுட்பமான எஞ்சின்கள். இவற்றுக்கு ஏலம் வேண்டா. எண்ணைப் பார்த்தாலே எல்லோருக்கும் என்னவென்று தெரியும். ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டோம். ஆறு படங்கள், ஓடுவதைக் காட்டும் ஒரு சிறு காணொளி, குறைகள் இருந்தால் முதல் வரியிலேயே. எஞ்சினைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதை இன்னொரு பெரிய பெட்டிக்குள் அசையாமல் வைத்து அனுப்ப வேண்டும். ஒரு பெட்டி கட்ட முதலில் நாற்பது நிமிடமாயிற்று, பின்னர் பதினைந்து. அஞ்சற்கூலி போக 2,340 பவுண்டு வந்தது.

இந்த 52-இல் ஒன்று என் கண்ணில் பட்ட நாள் முதல் என்னை விடவில்லை. பச்சை வண்ணத்தில், ஒரு சாண் நீளங்கூட இல்லாத சிறு எஞ்சின். பொன்மலை யார்டில் பெட்டிகளை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்த எஞ்சினின் சாயல் அதற்கு இருந்தது. அறுபது பவுண்டு மதிப்பு. நான் கேட்டால் அம்மையார் சும்மாவே கொடுத்திருப்பார், அதனால்தான் கேட்கவில்லை. விலை போட்டு வாங்கலாமென்றாலோ, விலை போடுகிறவன் நான். பட்டறையில் பழைய இரும்பு ஏலம் நடக்கும் நாளில் என் தந்தையார் அந்தப் பக்கமே போகமாட்டார். "எடை போடுகிறவன் வாங்கக்கூடாது" என்பார். அதையும் படமெடுத்துப் போட்டேன். 64-க்கு ஸ்காட்லாந்துக்குப் போயிற்று. அன்று பெட்டி கட்ட மீண்டும் நாற்பது நிமிடம்.

எஞ்சியவை சரக்கு வேகன்களும், சிறு வீடுகளும், ஓடாத எஞ்சின்களும். ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த பொம்மைச் சந்தையில் மேசை வாடகைக்கு எடுத்து, நானும் அம்மையாரும் ஒரு ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்தோம். ஐந்து பவுண்டு, மூன்று பவுண்டு என்று 550 சேர்ந்தது. பரணில் இருந்த ஊர் மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முப்பதாண்டு உழைப்பு அது. ஆனால் பலகையோடு இறக்க வாசல் போதாது, பிரித்தால் ஊர் இல்லை. தண்டவாளத்தை ஒட்டியிருந்த பசையை வெதுவெதுப்பான நீரால் இளக்கி ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்தேன். சில இடங்களில் அடியில் விரித்திருந்த நுரைப்பட்டை தொட்டவுடனே மாவாகிக் கொட்டியது. ஆடுகளை அம்மையார் ஒரு சாம்பற்கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜூலை மாதம் தண்டவாளக் கட்டுகள் மட்டும் இரண்டு பெட்டிகள் மீந்தன. முதலில் வந்த வியாபாரிக்கே தொலைபேசியில் சொன்னோம். 90 பவுண்டு தருகிறேன் என்றார். ஆக மொத்தம் 4,210. கட்டும் அட்டை, ஒட்டுநாடா, மேசை வாடகை முதலிய செலவு 140 போக, 4,070.

மகள் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "உங்கள் கூலி என்ன அப்பா?" என்று கேட்டாள். கணக்குப் பார்த்தேன். வியாபாரி சொன்னதைவிட அதிகமாகக் கிடைத்தது 2,270. நான் செலவிட்டது ஏறத்தாழ 310 மணி நேரம். மணிக்கு 7 பவுண்டு 30 பென்ஸ் அளவில் வருகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 11 பவுண்டு 44 பென்ஸ். அந்த வியாபாரியை ஒன்பது மாதமாக மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு வேன் உண்டு, கடை வாடகை உண்டு, விற்காமல் கிடக்கும் சரக்கு உண்டு. அவர் சொன்ன 1,800 ஏமாற்று விலை அன்று. வேலை முழுவதையும் தாம் எடுத்துக்கொள்வதற்கான விலை. ஓய்வூதியம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் கிடைக்காதவர் அதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் முதலில் விலையுயர்ந்த அந்தப் பதினொன்றையாவது பிரித்து எடுத்துவிட்டு, மீதியைக் கொடுக்கலாம்.

மின்நாற்காலிக்கு முன்பணம் பிப்ரவரியிலேயே கொடுத்தாயிற்று. மார்ச்சில் பொருத்தினார்கள்.

வியாபாரி தண்டவாளங்களை எடுக்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வாசலில் நின்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "வெற்று அட்டைப்பெட்டிகள் ஏதாவது இருந்தால் அவற்றையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வேன்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"இரண்டு பை நிறைய இருந்தன. நான்தான் தொட்டியில் போட்டேன்" என்றார் அம்மையார்.

அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டு, "ஏல நிறுவனத்தின் அச்சிட்ட பட்டியலை நானும் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் பெட்டியுடன், பெட்டியின்றி என்று போட்டிருந்தது" என்றார். "உங்களுக்கு எப்போது தெரியும்?"

"அக்டோபரிலேயே" என்றேன்.

"எவ்வளவு?"

"ஐந்நூறு இருக்கும்."

அவர் சற்றுநேரம் சாம்பற்கிண்ணத்திலிருந்த ஆடுகளைப் பார்த்தார். "பென்சிலில் எழுதி வைத்தீர்களா, மையாலா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.